கோஷி சாரின் காரில் ஒரு சத்தம்

எங்கள் வீட்டு ஜாதிக்காய் மரம் போன வருடம் நன்றாகக் காய்த்தது. கொட்டையை ஓட்டோடு வெயிலில் போட்டுக் காயவைப்போம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினால் போதும். உள்ளே பருப்பு கழன்று கடகடவென்று பேசும். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மாத்தன் சாரே. உங்கள் மொட்டை மாடியிலும் இரண்டு சாக்கு காய்ந்தது. ஒரு சாக்குதான் என்று உங்கள் வீட்டம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது போகட்டும்.

கோஷி சாரின் காருக்குள் ஜாதிக்காய் போட்டது யார் என்று, குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில் எல்லா வீட்டுக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். பதினெட்டு வீட்டில் பதினேழு வீட்டார் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். எனக்குத் தெரியும். தெரிந்த ஒருத்தியாவது எழுத வேண்டாமா?

கோஷி சார் முன்பு ஒரு டீசல் ஜீப் வைத்திருந்தார். அது கலுங்குப் பாலத்தில் திரும்பும்போதே என் சமையலறையில் கேட்கும். சாரும் அவர் மனைவி சூசம்மாவும் எப்போது போகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று ஜன்னலுக்குப் போகாமலே எனக்குத் தெரியும். முப்பது வருடப் பக்கத்து வீடு. ஒரு நல்லது கெட்டது என்றால் ஓடப்போவது யார்? நான்தானே. போன மே மாதம் ஜீப்பை விற்றுவிட்டு, பாதி நேரம் பேட்டரியில் ஓடும் புதுக் கார் ஒன்று வாங்கினார். அது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. திருடன் மாதிரி வரும்.

ஜூலையில் ஒருநாள் மீன்காரர் ஹம்ஸா மத்தியை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "சூசம்மா சேச்சி இனி பாட்டிதான். டப்ளின்ல பொண்ணுக்கு நாலு மாசமாம்."

"எந்தப் பொண்ணுக்கு?"

"அவங்களுக்கு இருக்கிறதே ஒரு பொண்ணுதானே? ஏலிச் சேச்சிக்கா தெரியாது! பக்கத்து வீடு!"

அவர் சிரித்தார். நான் மத்தியை வாங்காமல் உள்ளே போய்விட்டேன். ஒரு தெருவின் செய்தி மீன் கூடை வழியாக எனக்கு வந்து சேருகிற நிலைமையை நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவர்கள் காரில்தான் போவேன். திரும்பும் வழியில் கடையில் இறங்கி, பையை டிக்கியில் வைப்பேன். டிக்கியின் இடதுபக்கம் ஒரு சின்ன மூடி இருக்கிறது. பின்விளக்கு பல்பு மாற்றுவதற்கு. கார் வாங்கிய அன்று கோஷி சாரே எனக்கு அதைத் திறந்து காட்டினார். நீர்ப்பாசனத் துறையில் என்ஜினியராக இருந்தவர் இல்லையா, எதையும் திறந்து காட்டாமல் விடமாட்டார். அதற்குள் நன்றாகக் காய்ந்த ஒன்றைப் போட்டேன். ஓட்டோடு.

அவ்வளவுதான். நேரான ரோட்டில் சத்தம் வராது. நம் தெருமுனைப் பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது மட்டும் கடக் என்று கேட்கும். மாட்டுக்கு மணி கட்டினால் யாராவது விசாரணை வைக்கிறார்களா?

கார் விற்ற ஷோரூம்காரர்கள் அதை இவ்வளவு பெரிதாக்குவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களுடைய சர்வீஸ் அட்வைசர் ரெஜீஷ் போன் பண்ணும்போதெல்லாம் கோஷி சார் ஸ்பீக்கரில் போடுவார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிடுவார்.

"சாரே, பின்சக்கரத்துல ரப்பர் புஷ் போயிருக்கும்."

"போயிருக்குமா, போயிருக்கா?"

"போயிருக்கலாம் சார்."

"எவ்வளவு?"

"நாலாயிரத்து எண்ணூறு. பள்ளத்துல அடி வாங்கினா வாரண்டி வராது, வரி தனி. கழட்டிப் பார்த்தா கூடலாம்."

"குறையவும் செய்யுமா?"

ரெஜீஷ் நேர்மையான மனிதர். கொஞ்ச நேரம் யோசித்தார். "இதுவரைக்கும் குறைஞ்சதில்ல சார்."

புஷ் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. பிறகு ஷாக் அப்சார்பர். இருபத்திரண்டாயிரத்து அறுநூறு என்றார்கள், பில் முப்பத்தொன்று வந்தது. கார் ஷோரூமில் இருக்கும்போது சத்தமே வராது. பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி சுத்தம் சார், என்று அனுப்பிவிடுவார்கள். தெருமுனையில் கடக். என் அடுப்பில் டீத்தண்ணீர் ஏறும்.

செப்டம்பரில் ஒன்பது நாள் சத்தம் நின்றுபோனது. காய் எங்கேயோ சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். கோஷி சார் கேக் வாங்கித் தெருவுக்கே கொடுத்தார். உங்கள் வீட்டில் இரண்டு துண்டு எடுத்தார்கள். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று போட்டேன். பள்ளத்தில் குலுங்கி முதலாவதும் விடுபட்டுவிட்டது போலிருக்கிறது.

"இப்ப ரெண்டு சத்தம் வருது ரெஜீஷ்!"

"அப்போ ரெண்டு இடத்துல பிரச்சினை சார். மோட்டாரையே இறக்கணும். ஒண்ணு எண்பது ஆகும்."

"எண்பதாயிரமா?"

"லட்சத்து எண்பது சார். அதுல சரியாகலாம்."

டிசம்பர் பத்தாம் தேதி அவர்கள் மகள் ஜின்சிக்குப் பிரசவ நாள் சொல்லியிருந்தார்கள். நவம்பர் கடைசியில் இரண்டு பேரும் டப்ளின் போவதாகத்தான் ஏற்பாடு. விசா வந்துவிட்டது, மகளுக்குப் பிரசவ லேகியம்கூடக் கிண்டியாகிவிட்டது. ஆனால் டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணம் ஷாக் அப்சார்பரில் போயிருந்தது. பணம்கூடப் புரட்டிவிடலாம். கோஷி சாரைப் புரட்ட முடியவில்லை.

"அந்தச் சத்தம் என்னன்னு தெரியாம நான் பிளேன் ஏற மாட்டேன். உன்னைத் தனியா அனுப்பவும் மாட்டேன்," என்றார்.

"அணைக்கட்டு ஒழுகினப்பகூட நீங்க இப்படித் தூங்காம இருந்ததில்ல," என்றாள் சூசம்மா. "காரோடவே குடும்பம் நடத்துங்க. பேரப்பிள்ளைக்கு நான் பம்பரைக் கழட்டி பார்சல் அனுப்புறேன்."

அன்று மதில் பக்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஏலிச் சேச்சி சொன்னா அவர் கேப்பார். ஜின்சி தனியா இருக்கா. கொஞ்சம் சொல்லுங்க சேச்சி."

எனக்குப் பாவமாக இருந்தது. அன்றைக்கே போய்ச் சொன்னேன். "சாரே, ஒரே இடத்தை நம்பாதீங்க. எர்ணாகுளத்துல இன்னொரு எஸ்டிமேட் வாங்கிப் பாருங்க."

அதில் இரண்டு வாரம் போயிற்று. எர்ணாகுளத்தில் இரண்டு லட்சத்துப் பத்து சொன்னார்கள், அதுவும் உத்தேசமாக.

எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் மூடி என் கைக்கெட்டுகிற இடத்தில்தான் இருந்தது. எடுத்திருந்தால் மூன்று மாதம் பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டின வீட்டில் எனக்கு என்ன கேட்கும், சாரே?

கடைசியில் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி பின்விளக்கு பல்பு போனது. ரெஜீஷ் மூடியைத் திறந்து கையை விட்டிருக்கிறார். பல்புக்கு நூற்றிருபது, "அந்நியப் பொருள் அகற்றிய கூலி, மூவாயிரத்து இருநூறு" என்று பில்லில் தனியாக ஒரு வரி. அந்த இரண்டு காயையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நீயே போட்டு நீயே எடுத்தியா?" என்று கோஷி சார் தெருவெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினார். "உன் வேலையைத் தொலைக்கிறேன் பாரு!"

"சாரே, நான் ஃப்ளாட்டுல மூணாவது மாடி. எங்க வீட்டுல துளசிகூட இல்ல."

நல்ல பதில். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். காய்களைப் பார்த்துவிட்டு, எந்த வீட்டுக் காய் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று சார் என்னைக் கேட்டார். நன்றாகக் காய்ந்திருக்கிறது, கைப்பழக்கம் உள்ளவர்கள் காயவைத்தது என்று மட்டும் சொன்னேன். பொய் சொல்லவில்லை.

போட்டது யார் என்று தெரியாமல் நகர மாட்டேன் என்று சார் உட்கார்ந்துவிட்டார்; சூசம்மா வளையலை அடகு வைத்து மறுநாளே தனியாகப் பிளேன் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு வயது இரண்டு நாள். பெண் குழந்தை, மூன்று கிலோ நூறு. இந்தத் தடவை ஹம்ஸாவுக்கு நான்தான் சொன்னேன்.

ஆக, போட்டது நான். இரண்டும் நான்தான். ரெஜீஷ் வேலைக்கு ஒன்றும் வராமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பாவம், எஸ்டிமேட் ஒன்றைத் தவிர அவர் தப்பாக எதுவும் சொன்னதில்லை.

கோஷி சார் இப்போது யாரையும் காரில் ஏற்றுவதில்லை. அதனால்தான் மூன்று வாரமாக உங்கள் புதுக் காரில் சர்ச்சுக்கு வருகிறேன். பின்பக்கம் ஏதோ கடக் என்கிறது என்று நேற்று நீங்கள் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஷோரூமுக்குக் கொண்டுபோய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள். உங்கள் காரில் மூடி வலதுபக்கம் இருக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பத்துக்குக் கிளம்பி ஐந்தே முக்காலுக்கு வந்தீர்கள். கோர்ட்டுக்குப் போனீர்கள் என்றார் உங்கள் வீட்டம்மா. அன்று கோர்ட் விடுமுறை. சங்கம் என்மேல் என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்று யோசிக்கும்போது, நான் வாய் திறக்கிற ஆள் இல்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஹம்ஸாவிடம் மட்டும்தான்; அதுவும் அவர் கேட்டதால்.