ஸ்பேஸ் பார் யாருக்கு?

மருத்துவத்தின் மணிமுடியாய், ஒலிப்பதிவுக் கருவியில் பேசும்போது பாதிச் சொற்களை வாய்க்குள்ளேயே பத்திரப்படுத்திக்கொண்டு மீதியை மட்டும் எங்களுக்கு வாரி வழங்கும் வள்ளலாய் வீற்றிருக்கும் விழாத் தலைவர், தலைமை மருத்துவர் ஐயா அவர்களே! வரவேற்புரை என்று தொடங்கி, இந்த மருத்துவமனைக்கு அஸ்திவாரம் தோண்டிய நாள்வரைக்கும் சென்று, ஐம்பது நிமிடத்தில் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கும் நிர்வாக அலுவலர் அவர்களே! எங்கள் பிழைகளைக் கண்ணாடி போடாமலேயே கண்டுபிடிக்கும் மருந்தகத்து அம்மா அவர்களே! ஓடி ஓடி உழைத்து, உட்கார இன்றுதான் நாற்காலி கிடைத்திருக்கும் செவிலியச் சகோதரிகளே! முதுகுவலியால் ஒன்றுபட்ட என் தட்டச்சுத் தோழியரே! மின்விசிறிக்கு நேர்கீழே முன்கூட்டியே இடம்பிடித்த முதுபெரும் பெரியோர்களே! தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டபடி கைதட்டத் தெரிந்த தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும், எனக்குச் சோறு போடும் இந்தப் பத்து விரல்களையும் ஒன்றாகக் குவித்து என் வணக்கத்தைச் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குக் கொடுத்த நேரம் ஐந்து நிமிடம். கொடுத்த தலைப்பு, "பிழையின்றிப் பணியாற்றுவது எப்படி?" நல்ல கீபோர்டு ஒன்று வாங்குங்கள். விடை அவ்வளவுதான். இத்துடன் இறங்கிவிடலாம். ஆனால் புதுப்புடவை கட்டி வந்துவிட்டேன்.

(கை தட்டாதீர்கள், இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.)

என் வேலை என்ன? மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதை வீட்டிலிருந்தே காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாக அடிப்பது. எளிய வேலையா? எண்ணிப் பாருங்கள். நான் அடிக்கும் எண் கோப்புக்குப் போகிறது. கோப்பிலிருந்து மருந்தகத்துக்குப் போகிறது. மருந்தகத்திலிருந்து ஒரு மனிதரின் வாய்க்குப் போகிறது. விரல் என்னுடையது, விழுங்குவது வேறொருவர்.

அப்படிப்பட்ட வேலைக்கு என்னிடம் இருந்த கருவி எது? ஒன்பது வருடத்துத் தட்டைக் கீபோர்டு. உள்ளே ரப்பர் விரிப்பு, மேலே பிளாஸ்டிக் பட்டன், அதற்கு இரண்டே இரண்டு கெட்ட பழக்கம். பூஜ்யத்தை ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை விழும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் எழுந்திருக்காது, நகத்தால் நெம்ப வேண்டும். அதில்தான் ஒரு நாள் பத்து வயதுச் சிறுவனுக்கு நூறு வயது என்று அடித்து அனுப்பினேன். பந்து விளையாடும்போது கீழே விழுந்தார் என்ற குறிப்பும் அதே அறிக்கையில் இருந்தது. தலைவர் ஐயா முதல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள்.

சிரிக்கலாம், தாராளமாகச் சிரிக்கலாம். அடுத்ததற்குச் சிரிக்க மாட்டீர்கள். இருபது மில்லிகிராம் என்று மருத்துவர் சொன்னதை இருநூறு என்று அடித்தேன். மாத்திரையை எண்ணும் மேசையில், மருந்தகத்து அம்மா கையை நிறுத்தினார்கள். நிறுத்தாமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்வியோடு ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது கடிதம் வந்தது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்று அதில் தெளிவாகவே இருந்தது. அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

எனவே கீபோர்டு வாங்கியே தீர வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் கீபோர்டு கேட்டவர் நான் ஒருத்தி மட்டுமா? இல்லை. இன்னொருவர் இருந்தார். என் மாமனார்.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விரல்கள் மட்டும் கேட்டன. அவருக்கு என் கணவர் பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார்; அதன் கீபோர்டும் ஓய்வுபெறும் நிலையில்தான் இருந்தது. துப்பாக்கியோடு ஓடி எதிரிகளைச் சுடும் விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட அணி, ஐவரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஓய்வுபெற்ற தையற்காரர் ஒருவர் அணிக்குத் தலைவர். அவரைத் தளபதி என்றுதான் கூப்பிடுவார்கள். மாலை நாலு மணிக்கு அவரவர் வீட்டிலிருந்து காதுக்கருவியை மாட்டிக்கொண்டு போருக்குப் போய், ஆறு மணிக்குச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

இங்கே ஒன்றை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருமணமாகிப் பதினோரு வருடம் மாமாவும் நானும் நேருக்கு நேர் பேசியதில்லை. சண்டையா? இல்லை. சலிப்பா? இல்லை. பழக்கம்! மரியாதை என்று அவர் நினைத்தார். மரியாதை என்று நானும் நினைத்தேன். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும், மகனைப் பார்த்து, "அவள சாப்பிடச் சொல்லுடா" என்பார். நானும் கணவரைப் பார்த்து, "நான் அப்புறமா சாப்பிடறேன்னு சொல்லுங்க" என்பேன். என் கணவர் வெளியே பேருந்து ஓட்டுநர், வீட்டுக்குள் தபால்காரர்.

மூவரும் கடைக்குப் போனோம். கையில் இருந்தது ஒரு கீபோர்டுக்கான காசு, அதுவும் மலிவான ஒன்றுக்கு. மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் தனித்தனி சுவிட்ச் இருக்கும் என்று கடைக்காரர் விளக்கினார். நீலச் சுவிட்ச் டக் என்று சத்தம் போடும். சிவப்புச் சுவிட்ச் சத்தமில்லாமல் சரேலென்று இறங்கும். தொட்டுப் பார்க்க ஒரு சின்னப் பலகையை நீட்டினார்.

நான் நீலத்தைத் தொட்டேன். டக்! ஒரு சத்தம், ஒரு பூஜ்யம். என் வேலை பிழைத்தது என்று நினைத்தேன். மாமா சிவப்பைத் தொட்டுக் கண்ணை மூடினார். "கிரேன் லீவர் மாதிரியே இருக்குடா, தொட்டா கேக்குது" என்றார், மகனிடம்.

"அப்பாவுக்குச் சிவப்பு வேணுமாம்" என்றார் கணவர் என்னிடம்.

"எனக்கு நீலம் வேணும்னு சொல்லுங்க" என்றேன்.

"அவளுக்கு நீலம் வேணுமாம்பா."

"எனக்கே கேக்குதுங்க" என்றார் கடைக்காரர்.

அப்போது என் கணவருக்குப் பணிமனையிலிருந்து போன் வந்தது. வெளியே போய்விட்டார். ஆகா! தபால்காரர் போனபின் தபாலுக்கு என்ன கதி? கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவர். நடுவில் கீபோர்டு. நான் விலைச்சீட்டைப் படித்தேன். அவர் கூரையைப் படித்தார். கடைக்காரரோ எங்கள் குடும்ப வரலாறு தெரியாத காரணத்தால், அலமாரியிலிருந்து ஒரு மலிவுப் பெட்டியை எடுத்து வைத்து, "இதுல சுவிட்ச்சக் கழட்டி மாட்டலாம். மொத்தமும் நீலம்தான். வேண்டிய இடத்துல மட்டும் சிவப்பு போட்டுக்கலாம். பத்து சிவப்பு தனியாத் தரேன்" என்று சுவிட்ச்சைப் பிடுங்கும் சின்னக் குறடு ஒன்றையும் வைத்தார்.

அவையோரே! அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். வீட்டைப் பிரித்துப் பார்த்திருப்பீர்கள். மாமனாரும் மருமகளும் கீபோர்டைப் பாகம் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? பிரித்தோம்! முன்னே போக டபிள்யூ, பின்னே வர எஸ், இடம் போக ஏ, வலம் போக டி. இந்த நாலும் அவருக்கு, சிவப்பு. எண்கள் முழுவதும் எனக்கு, நீலம். இதுவரை இருவரும் விரலால் சுட்டிக் காட்டினோமே தவிர வாய் திறக்கவில்லை. பிறகு நீண்ட அந்த விசையின் மேல் இருவர் கையும் ஒரே நேரத்தில் போய் நின்றது. பதினோரு வருடத்தில் முதன்முறையாக மாமா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஸ்பேஸ் பார் யாருக்கும்மா?"

பாசமான முதல் வார்த்தை எப்படியெல்லாமோ இருக்கலாம். எனக்கு வாய்த்தது இது.

நான் சொன்னேன், "ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவுலயும் எனக்கு அது வேணும் மாமா."

"எனக்குக் குதிக்கணுமேம்மா."

கடைக்காரர் தலையிட்டு, நீலமும் அல்லாத சிவப்பும் அல்லாத ஒரு பழுப்புச் சுவிட்ச்சை இலவசமாகக் கொடுத்தார். ஸ்பேஸ் பார் பொதுச்சொத்து ஆனது. அடுத்து ஆங்கில 'ஈ' எழுத்து. அதில்லாமல் ஓர் அறிக்கைகூட அடிக்க முடியாது என்றேன். விளையாட்டில் கதவு திறக்க அதுதான் என்றார். கொஞ்சம் யோசித்தார். "சரி, நீயே வச்சுக்க. கதவுன்னா சத்தம் வரத்தானே செய்யும்" என்றார். என் கணவர் போனை முடித்துவிட்டு வந்தபோது நாங்கள் ஷிஃப்ட் விசை வரைக்கும் வந்திருந்தோம். வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குத் தபால்காரர் வேலை போய்விட்டது.

காலை ஒன்பது முதல் நாலு வரை கீபோர்டு என்னுடையது. நாலு முதல் ஆறு வரை அவருடையது. இதுதான் ஒப்பந்தம். நாலு அடிக்கும்போது வாசற்படியில் வந்து நிற்பார். ஒரு நிமிடம் முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

(துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. "சுருக்கமாக" என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் வரவேற்புரை ஆற்றியவர். நன்றாக இருக்கட்டும்.)

ஒரு மாதம் கழித்து, என்னை வேலையில் வைப்பதா வேண்டாமா என்று நிர்வாகம் முடிவுசெய்யும் சோதனை நாள் வந்தது. ஒரே நாளில் நாற்பது அறிக்கைகள், மாலை ஐந்துக்குள், ஒரு பிழை இருந்தாலும் வேலை இல்லை. காலையில் இருபது பதிவுகள் வந்தன. மீதி இருபது எப்போது வந்தன? பிற்பகல் இரண்டரைக்கு! தலைவர் ஐயா அறுவைச் சிகிச்சையில் இருந்தார்கள். உயிர் முக்கியம், நான் குறை சொல்லவில்லை, மணியை மட்டும் சொல்கிறேன்.

நாலு மணி. பதினோரு அறிக்கைகள் பாக்கி. வாசற்படியில் மாமா. அன்றைக்கு அவர்கள் அணிக்கு அரையிறுதி ஆட்டம். எட்டு மாதம் முயன்று முதன்முறையாக அதுவரைக்கும் வந்திருந்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே? நான் எழுந்து வயரைக் கழற்றப் போனேன்.

"புடுங்காதம்மா. வேலையப் பாரு" என்றார். பரண்மேல் இருந்த பழைய தட்டைக் கீபோர்டை இறக்கி, ஒரு தட்டு தட்டித் தூசியை உதறிவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அடித்தேன். டக் டக் என்று அடித்தேன். ஒவ்வொரு பூஜ்யத்தையும் காதால் எண்ணி எண்ணி அடித்தேன். நாலு ஐம்பத்தெட்டுக்கு நாற்பதாவது அறிக்கை போனது. பிழை? ஒன்றுகூட இல்லை! வேலை நிலைத்தது. "ஆட்டம் என்னாச்சு மாமா?" என்று கேட்டேன். "ஆச்சு" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் தளபதியைப் பார்த்தேன். தையற்காரர் முகம் வாடியிருந்தது. "உங்க மாமாவுக்கு அன்னிக்கு என்னம்மா ஆச்சு? ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து முடியறவரைக்கும் குதிச்சிட்டே இருந்தாரு" என்றார்.

நினைவிருக்கிறதா? பழைய கீபோர்டில் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் எழுந்திருக்காது! நகத்தால் நெம்பக் கை ஒழிந்தால்தானே? நாலு பேர் பதுங்கிப் பதுங்கிப் போக, முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டி ஒரு பெட்டியைக்கூடக் குலுங்க விடாத மனிதர், நட்டநடு வெட்டவெளியில் குதித்தார். கதவுக்கு முன் குதித்தார். கதவைத் திறந்துவிட்டுக் குதித்தார். எதிரிகளால் அவரைச் சுட முடியவில்லை. அவராலும் யாரையும் சுட முடியவில்லை. மற்ற நால்வரும் விழுந்த பிறகு, கடைசிவரைக்கும் ஒற்றை ஆளாகக் குதித்துக்கொண்டிருந்தார்; நேரம் முடிந்து அணி தோற்றது.

"ஏன்யா குதிக்கறேன்னு காதுல கத்தினோம்மா" என்றார் தளபதி. "மருமக வேலை பாக்குது, சத்தம் போடாதீங்கடான்னாரு."

என் தாய்மார்களே, எனக்கு அழுகை வந்தது. மேடை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். தையற்காரர் பயந்துபோய், அடுத்த வருடம் ஜெயித்துவிடலாம் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அந்த அடுத்த வருடம் எது? இந்த வருடம்! இறுதி ஆட்டம் எந்த நாள்? இந்த நாள்! எத்தனை மணிக்கு? நாலு மணிக்கு!

அந்தக் கீபோர்டு எங்கே? விழாக் குழுவினர் எல்லாருக்கும் காட்டலாம், கொண்டுவாருங்கள் என்றார்கள். இரண்டே காலுக்கு என் பேச்சு, மூன்று மணிக்குப் பரிசு என்றார்கள். கொண்டுவந்தேன். இதோ, இந்தப் பையில் இருக்கிறது. பாருங்கள், பார்த்தாயிற்றா? புறப்படும்போது மாமா சொன்னார், "விழா நீண்டா அவசரப்படாதம்மா. பழசு பரண்ல இருக்கு."

இப்போது மணி மூன்று நாற்பது. பரிசளிப்பு நாலரைக்கு என்று நிகழ்ச்சி நிரலைத் திருத்தியிருக்கிறார்கள். வீடு பதினைந்து நிமிட நடை. பிழையில்லாத ஓர் ஆண்டுக்கு எனக்குப் பரிசாமே! அந்த ஆண்டின் முதல் பிழையைத் தடுத்த மனிதர் இந்நேரம் பரணுக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருப்பார். நான் இங்கே மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பதா? மாட்டேன்! தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும். என் பரிசை மருந்தகத்து அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். எதையும் பத்திரமாக நிறுத்தி வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், பிள்ளை எழாமல் கைதட்டிய தாய்மார்களுக்கும், இரண்டாவது துண்டுச்சீட்டை நீட்டிக்கொண்டிருக்கும் நிர்வாக அலுவலருக்கும் நன்றி. வழி விடுங்கள். இன்று என் மாமா, தேவைப்பட்டால் மட்டுமே குதிப்பார். வணக்கம்!