சீராக வந்த யானை

“நேத்து அந்த யானைய நீ வேணும்னேதான் வெட்டக் குடுத்த.”

குரங்கணிக்குப் போகும் ஜீப்பில் எனக்கு எதிரே நெருக்கி உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரன் சொன்னான். போடியில் நடந்த செஸ் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தவன் அவன்தான். தோற்றவன் அவன் பக்கத்திலேயே இருந்தான். டிரைவர் பாவி இன்னும் ஆள் அடைத்துக்கொண்டிருந்தான்.

“கவனிக்கல மாப்ளே.”

“கவனிக்கலயா? வருசா வருசம் என்னைய ஓட ஓட விரட்டுன ஆளு நீ. நடுக்கட்டத்துல நிக்கிற யானை உனக்குத் தெரியலயா?”

தோற்றவன் வெளியே பார்த்தான். “தங்கச்சிய உங்களுக்குப் பேசி முடிச்சிருக்கோம். கட்டிக்கப் போற மாப்பிள்ளைய ஊரு முன்னால தோக்கடிச்சா நல்லாருக்குமான்னு ஆத்தா கேட்டுச்சு.”

“போன மாசம் வரைக்கும் ‘டேய்’னு கூப்புட்ட. இப்ப ‘நீங்க’. சரி, பொறுத்துக்கிட்டேன். சீர்வரிசையில யானையும் வைக்கச் சொல்லி எங்க வீட்டுல யாரு கேட்டா?”

மூட்டை மேல் இருந்த அம்மாள் சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது? கண்ணாடிக்காரன் முகம் சிவந்துபோயிருந்தது.

“விடுங்க மாப்ளே. ஜெயிச்சவர்தான் மதுரைக்கு விளையாடப் போகணும். நீங்க போங்க.”

“போக மாட்டேன். எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். அதையும் இங்க என் காதுல சொல்லாத. ஞாயித்துக்கிழமை, போட்டி நடந்த அதே மன்றத்துல, அத்தன பேரு முன்னால எந்திரிச்சு நின்னு சொல்லு. நான் ஜெயிச்சேனா, நீ குடுத்தியா?”