அரைச் சுற்று

டாக்டர், மருத்துவ உலகின் நலன் கருதி மிக முக்கியமான அறிவிப்பு ஒன்றை வெளியிடக் கடமைப்பட்டிருக்கிறேன். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும்.

நீங்கள் சிரிக்கலாம். என் கணவர் கேட்டிருந்தால் நிச்சயம் சிரித்திருப்பார். ஆனால் வரப்போகும் மாநாட்டில் அவருடைய காதுகளைப் பற்றி நீங்கள் கட்டுரை வாசிக்கப் போவதாக நர்ஸம்மா சொன்னார். இல்லாத எஞ்சின் சத்தம் கேட்கும் மனிதர், அபூர்வமான கேஸ் என்று மாணவர்களைக் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்து நீங்கள் விளக்கியதை நானும் வாசலில் நின்று கேட்டேன். நல்ல கணீர்க் குரல் உங்களுக்கு. மேடையில் மானம் போய்விடக் கூடாதே என்றுதான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் அவருக்குத் 'தங்கக்காது' என்று பெயர். வண்டிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் உத்தியோகம். மற்றவர்கள் பானட்டைத் திறந்து பார்ப்பார்கள்; இவர் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே கார் நிறுத்தும் இடத்தில் தரிசனம். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, தீர்ப்புச் சொல்வார். இருபது வருஷமாக என் பங்கு டார்ச் பிடிப்பது.

"அங்க இல்ல, இங்க. வெளிச்சத்தக்கூட ஒழுங்காக் காட்டத் தெரியாதா உனக்கு?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். மரியாதைக்கு நானும் சிரிப்பேன். டார்ச் பிடிப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, டாக்டர். கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாததெல்லாம் நமக்குத் தெரியும்.

போன வருஷம் என் தங்கை எங்களோடு வந்து தங்கியிருந்தாள். படுத்தால் அவள் நெஞ்சு கரகரவென்று சத்தம் போட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சுவிடவே திணறினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சினேன். இவர் அறை வாசலில் நின்று கண்ணை மூடினார்.

"படுத்தா வருது, எழுந்து நடந்தா அடங்குது. நின்ன வண்டி ஐடிலிங்ல போடுற சத்தம். இதுக்கெல்லாம் யாராவது பயப்படுவாங்களா?"

"மூச்சு முட்டுது அத்தான்."

"எனக்கு ஒண்ணும் பெருசாக் கேக்கலையேம்மா."

கார் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. அதோடு கீழே இறங்கிப் போனார், பக்தர்கள் காத்திருந்தார்கள். மதியத்துக்குள் தங்கையின் உதடு நீலமாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர்தான் தன் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் சாவகாசமாக வந்து சேர்ந்தவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்: "கேஸே லேட்டு. முன்னாடியே என்கிட்ட காட்டியிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்."

அந்த வாக்கியத்துக்காகத்தான் எல்லாம். அதன்பிறகு தங்கை எங்கள் வீட்டில் இல்லை.

எஞ்சினில் சூடான குழாய்க்கு மேலே ஒரு தகர மூடி இருக்கும். அதன் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் போதும். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது கடகடவென்று ஆடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அடங்கிவிடும். வண்டிக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. எந்த மெக்கானிக்கும் முதலில் கைவைத்துப் பார்ப்பது அந்தத் தகரத்தைத்தான். இவர் பெரிய காது. செயின், பேரிங், வால்வு என்றுதான் ஆரம்பித்தார். தகரத்தைச் சந்தேகிப்பது அவருடைய அந்தஸ்துக்குக் குறைவு.

மெக்கானிக் வருகிற நாளில் நான் முன்னதாகக் கீழே போய் முடுக்கிவிடுவேன்.

"வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுது சார். எந்தச் சத்தத்தச் சொல்றீங்க?"

மெக்கானிக் போனதும் மறுபடி அரைச் சுற்று.

"உனக்குக் கேக்குதா?" என்பார் இவர்.

"எதுங்க?"

"அந்தச் சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரைந்தது. "தங்கத்துல தகரம் கலந்துடுச்சு போலிருக்கு" என்றார் எதிர்வீட்டுக்காரர். பாவம், எவ்வளவு சரியாகச் சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் இவர் நல்ல வண்டிகளையெல்லாம் சத்தம் வருகிறது என்று திருப்பி அனுப்ப ஆரம்பித்தார். ஓய்வெடுங்கள் சார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர் எங்கள் எஞ்சினைக் கழற்றிப் போர்வைகளின் மேல் பரப்பினார். அந்தத் தகர மூடியைத்தான் முதலில் கழற்றினார். ஓரமாக வைத்து, அதன்மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் சரியாக இருந்தது.

பிறகு மெக்கானிக்குகள் வந்து பூட்டிக் கொடுத்தார்கள். என் அரைச் சுற்றை நான் சேர்த்துக்கொண்டேன்.

தூக்கம் போயிற்று. அணைத்த வண்டியிலிருந்தும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. நான் செய்தது ஓடும் வண்டிக்கு மட்டும்.

கடைசியில் ஒருநாள் வண்டியைக் கீழே ஓடவிட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் வழியாகச் சத்தம் தெளிவாக வந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவ, கேக்குதுன்னு சொல்லிடும்மா. பொய்யா இருந்தாலும் பரவால்ல. எனக்குப் பயமா இருக்கு."

இருபது வருஷத்தில் அவர் என்னை 'அம்மா' என்றது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் யோசித்தேன். அடுப்பில் பால் பொங்கி வந்தது. இறக்கிவைத்தேன்.

"பொய் சொல்லி என்னங்க பிரயோஜனம்? எனக்கு ஒண்ணும் கேக்கல."

மறுநாள் உங்களிடம் கூட்டிவந்தேன். சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள், தேதியோடு சொன்னேன். இவ்வளவு அக்கறையான மனைவியைப் பார்த்ததில்லை என்று நீங்கள் மெச்சினீர்கள். கேஸ் குறிப்பில் அதையும் எழுதினீர்களா, தெரியவில்லை. எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. கூடப்பிறந்தவளுக்காக ஒரு அக்கா செய்யவேண்டியதைச் செய்தேன். நம்பிக்கை இல்லையென்றால் அவளையே கேளுங்கள். வாராவாரம் ஆரஞ்சு வாங்கிவந்து, அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "அத்தான் பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே உரித்துக் கொடுப்பாளே, சிவப்புக் கண்ணாடிக்காரி, அவள்தான் என் தங்கை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மருந்துப்புகை பிடிக்கவைத்தார்கள். இரண்டு நாளில் சரியாகித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.