விசாரணைக் குழுத் தலைவர் மூஞ்சி வெளுத்த வாரம்

ஹலோ... ஹலோ... ஆங், அக்காதான்டி... இல்லை இல்லை, உடம்புக்கு ஒண்ணும் இல்லை. சமையல்கட்டுல நின்னு ரகசியமாப் பேசறேன், அதான் குரல் இப்படி. ஹால்ல விசாரணை நடக்குது... ஆமா, எங்க வீட்டு ஹால்லதான்... சீ, போலீஸ் எல்லாம் இல்லை! எங்க குடியிருப்போர் சங்கம். விசாரணைக் குழுத் தலைவர் யாருன்னு கேளு... கேளேன்... உங்க அத்தானேதான்!

சிரிக்காதே, இரு. குற்றவாளி யாருன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் சிரி... அதுவும் உங்க அத்தான்தான்!

மெதுவா, மெதுவா! நீ சிரிக்கிறது போன் வழியா ஹால் வரைக்கும் போகும்... சொல்றேன். வாரம் பூரா ஏன் போன் பண்ணலைன்னு கேட்டியே, இதுதான் என் வாரம். திங்கக்கிழமை காலையில பாத்திரம் கழுவற இடத்துல குழாய் சொட்டுச்சு. பிளம்பரைக் கூப்பிடலாம்னேன். தப்பா?... அதானே! "ஆத்துக்கு நடுவுல பாலம் கட்டின தலைமைப் பொறியாளர் வீட்டுல இருக்கறப்ப வெளியாள் எதுக்கு?"ன்னார்.

ஆமாடி, ரிட்டயர் ஆனவர்தான். ஆனா நிஜமா ரிட்டயர் ஆனது யாரு? நானும் ஆஸ்பத்திரியை விட்டு வந்தேன். நர்ஸ் சட்டையை மடிச்சு பீரோவுல வெச்சேன், முடிஞ்சுது. இவர் பதவியைக் கழட்டாமலே வீட்டுக்கு வந்துட்டார். பசிச்சா பசிக்குதுன்னு சொல்றாரா? "மதியச் சாப்பாடு எந்தக் கட்டத்துல இருக்கு?"ங்கறார்... சத்தியமா! துணி காயப்போட்டா, கொடிக்கு பாரம் சமமா விழலையாம்.

சரி, கேளு. மொட்டை மாடிக்கு ஏறிப்போனார். அங்க வீட்டு வரிசைக்கு ஒரு தண்ணி பைப்பு, பைப்பைத் திறந்து மூட ஒரு சக்கரம். நம்ம சக்கரத்தை மூடியாச்சுன்னு இறங்கி வந்தார். "இப்போ பாரு"ன்னு குழாயைக் கழட்டினார்... பீய்ச்சி அடிச்சுது பாரு! மூக்குக் கண்ணாடி ஒரு மூலையில, பாலம் கட்டினவர் ஒரு மூலையில! நான் ஓடிப்போய் கட்டைவிரலை வெச்சு அடைச்சேன். அவர் தட்டுத்தடுமாறி குழாயை மறுபடி மாட்டினார். தொப்பலா நனைஞ்சுட்டு என்ன சொன்னார் தெரியுமா? "அழுத்தம் எதிர்பார்த்ததைவிட அதிகம்"னார்!

அதேதான்டி! புத்திசாலி நீ! மூடினது எங்க சக்கரமே இல்லை. எதிர்வரிசை வீடுகளோடது. தலையைத் துவட்டிட்டுப் படுத்தவர், மாடியில ஒண்ணை மூடிட்டு வந்ததையே மறந்துட்டார். மறுநாள் எதிர்வரிசையில குடிக்கக்கூட தண்ணி இல்லை. பக்கெட்டைத் தூக்கிட்டு எல்லாரும் எங்க வீட்டு வாசல்ல. இவரே பிடிச்சுப் பிடிச்சுக் குடுக்கறார். பக்கெட்டுக்கு ஒரு பிரசங்கம் வேற... "பராமரிப்புன்னா என்னன்னே இங்க யாருக்கும் தெரியலை"ன்னு!

இல்லை, அப்ப எனக்கும் உறைக்கலை. புதன்கிழமை சங்கத் தலைவர் வந்தார், "நீங்கதான் சார் வந்து பாக்கணும்"னு. கேக்கணுமா? பட்டப்பகல்ல டார்ச் லைட்டோட மாடி ஏறினார். பின்னாடி ஒரு கூட்டம். வேடிக்கை பாக்க நானும் போனேன். குனிஞ்சார். சக்கரத்தைப் பாத்தார். மூஞ்சி அப்படியே வெளுத்துச்சு... காலமெல்லாம் ஊசி போட்டவ நான், ஆம்பளை மூஞ்சி எப்போ வெளுக்கும்னு எனக்குத் தெரியாதா? அந்த நிமிஷம் புரிஞ்சுபோச்சு.

திறந்துவிட்டார். கீழே இருந்து "வந்துடுச்சு, வந்துடுச்சு"ன்னு ஒரே கூச்சல். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தக் கைத்தட்டல்லதான்டி மனுஷன் கவுந்துட்டார்! யார் மூடினதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லி, சிரிச்சிருந்தா தீர்ந்துபோயிருக்கும். நெஞ்சை நிமித்தி, "இது முறையாக விசாரிக்கப்பட வேண்டிய விஷயம்"னார். அங்கேயே இவரைத் தலைவராப் போட்டுட்டாங்க!

ஐயோ, என் வயிறு வலிக்குதுடி... என்னையும் விசாரிச்சார். ஆமா, என்னைத்தான்! நாங்க ரெண்டே பேர், சாப்பாட்டு மேஜையில. "திங்கக்கிழமை காலை நீங்க எங்கே இருந்தீங்க?"ன்னு, வாங்க போங்கன்னு! "உங்க பக்கத்துலதான், கட்டைவிரலைக் குழாயில வெச்சுட்டு நின்னேன்"னேன். "அது இந்தக் கேள்விக்குப் பொருந்தாது"ன்னுட்டு அடுத்ததுக்குத் தாவிட்டார்...

இரு... இருடி... சும்மா இரு ஒரு நிமிஷம். ஹால்ல குரல் மாறுது.

...ம். வாட்ச்மேனை உள்ளே கூப்பிட்டிருக்காங்க... இல்லைடி, இதுல எனக்குச் சிரிப்பு வரலை. மோட்டார் போட தினம் மாடிக்குப் போறது அந்த மனுஷன்தானே, அதனால அவன்தான் மூடியிருப்பான்னு சங்கத் தலைவர் ஒரே பிடியா நிக்கிறார். இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பணுமாம். உங்க அத்தான் தலையை ஆட்டினாப் போதும், போயிடுவான்... பாவம்டி. எல்லாரும் சோபாவுல சாஞ்சிருக்காங்க, அவன் மட்டும் தொப்பியைக் கையில வெச்சுட்டு கதவோரம் நிக்கிறான்.

விடுவேனா? காலையிலயே சொல்லிட்டேன். "டீ வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்குள்ள நீங்க சொல்லணும், இல்லைன்னா நான் சொல்லுவேன்"னு... என்ன சொல்லுவார்? "தக்க தருணத்தில்"னார். டீ கொதிக்குது இப்போ. தருணம் இதுக்கு மேல எங்க தகும்? இரு, போனை வெச்சுடாதே. கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துடறேன். அப்படியே இரு...

...இருக்கியா? ஆங். முதல் கப்பை வாட்ச்மேனுக்குக் குடுத்தேன். சங்கத் தலைவர் நீட்டின கை நீட்டினபடி நிக்குது! ரெண்டாவது கப்பை உங்க அத்தான்கிட்ட நீட்டி, கண்ணைப் பாத்தேன்... பாத்தேன், அவ்வளவுதான். மத்தவங்களுக்கும் குடுத்துட்டு வந்துட்டேன். தொண்டையைச் செருமறார். எழுந்து நிக்கிறார். கேளு, கேளு, போனைக் கதவுப் பக்கம் நீட்டறேன்... கேக்குதா?... சரி, நானே சொல்றேன். "எந்த ஒரு நீர் விநியோக அமைப்பிலும்"... ஐயோ, ஆத்துல இருந்து ஆரம்பிக்கிறார்டி!... இப்போ தொட்டிக்கு வந்துட்டார்... "தவறு செய்தவர் இந்த அறையிலேயே அமர்ந்திருந்தார்"ங்கறார்...

அடியே! எல்லாரும் சங்கத் தலைவரைப் பாக்கறாங்க! "நான் மாடிப்பக்கமே போனதில்லை"ன்னு அவர் துள்ளி எழுந்துட்டார், டீ பூரா சட்டை மேல!

ஷ்ஷ்... ஷ்ஷ்...

...சொல்லிட்டார்டி. "நான்தான்"னார். ஒத்தை வார்த்தை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் பேசினதுலேயே சின்னப் பேச்சு இதுதான்.

...இரு... எதிர்வீட்டம்மா சிரிக்கிறா. ஐயோ, எல்லாரும் சிரிக்கிறாங்க! ஹால் அதிருது, கேக்குதா? வாட்ச்மேன் மட்டும் சிரிக்கலாமா கூடாதான்னு முழிக்கிறான்... உங்க அத்தான் அவன்கிட்ட போறார்... என்னமோ சொல்றார், இங்க கேக்கலை... கையைப் பிடிச்சுக்கிட்டார். தன்னோட தலைவர் நாற்காலியையே இழுத்துப்போட்டு அவனை உக்கார வெச்சுட்டார்!

...இல்லை, நான் அழலை. சிரிச்சா கண்ணுல தண்ணி வராதா?... போடி.

வரார், வரார், இங்கதான் வரார். காது ரெண்டும் செவந்திருக்கு... ஏங்க, போன்ல தங்கச்சி... என்னது?... இல்லைடி, உன்னை இல்லை... எல்லாருக்கும் இன்னொரு தடவை டீயாம். நான் போட வேண்டாமாம், அவரே போடறாராம்! பால் பாத்திரத்தை எடுத்துட்டார்... அடுப்புக்கிட்ட போயிட்டார்... வைடி, வைடி, அப்புறம் பேசறேன். எந்தப் பக்கம் திருப்பணும்னு என்னைக் கேக்கறார்!