தறி நின்றபோது கேட்ட பாட்டு

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக என் அண்ணன் கதிரேசனிடம் காட்டிவிடாதீர்கள். நாளை எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் 'இசைக்கு அறிவியல் தந்த கொடை' என்ற தலைப்பில் நான் பேச வேண்டும். பேச்சை அண்ணனே எழுதிக் கொடுத்தார். நானும் மனப்பாடம் செய்து, அம்மா முன்னால் நின்று ஒப்பித்தும் காட்டிவிட்டேன். ஆனால் நாளைக்கு அதைப் பேசப் போவதில்லை. இதைத்தான் பேசப் போகிறேன். தெரிந்தால் என்னை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள்.

விளக்கைப் போட்டால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும். அதனால் போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். டார்ச்சில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. என் தோழி மிஸ்பா எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன டேப்ரிக்கார்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். விடிவதற்குள் திரும்ப மாட்டிவிட வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு கையில் டார்ச் இருக்கிறது.

இனி மேடை.

அவைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியை சென்னியம்மாள் அவர்களே, தமிழைச் சொல்லிக் கொடுத்து அதைத் தலைநிமிர்ந்து பேசவும் சொல்லிக் கொடுத்த தமிழாசிரியை மாசாணியம்மாள் அவர்களே, சூலூர்ப் பெரியோர்களே, ஷிப்ட் முடிந்து தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்து அமர்ந்திருக்கும் தந்தையரே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற நினைப்போடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு படித்து என்னோடு திட்டு வாங்கும் தோழியரே, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் அமர்ந்து என் பேச்சை நாடாவில் பதிந்துகொண்டிருக்கும் அண்ணன் கதிரேசன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் ஒன்பதாம் வகுப்பு சண்முகப்ரியாவின் பணிவான வணக்கம்.

பாட்டு எங்கே பிறக்கிறது? மைக்கிலா? மைக்கைத் தாங்கும் கம்பியிலா? கம்பி போய்ச் சேரும் பெட்டியிலா? பெட்டியின்மேல் பச்சையும் சிவப்புமாய்ப் பாய்ந்து பாய்ந்து எரிகிறதே, அந்தச் சின்ன விளக்குகளிலா? பெட்டியில் பிறக்கிறது என்றால் பெட்டி வைத்திருப்பவரெல்லாம் பாடகராகியிருக்க வேண்டும். கொம்புக்குப் பொன்பூச்சுப் பூசினால் மாடு ஆழமாக உழுதுவிடுமா?

பெரியோர்களே, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் நூல் மூட்டை அடுக்கியிருந்த அறையை அண்ணன் ஒலிப்பதிவு அறையாக்கினார். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார். தரையில் கம்பளம் விரித்தார். பம்பாயிலிருந்து ஒரு பதிவு இயந்திரமும் எதிரொலிப் பெட்டியும் வந்தன. நம் பள்ளிக் கேசட்டைப் பதியும் பொறுப்பை அண்ணன் ஏற்றுக்கொண்டது உங்கள் அனைவருக்கும் தெரியும். கூட்டுப் பாட்டுகள் நன்றாகவே அமைந்தன. மாசாணியம்மாள் ஆசிரியை எழுதிய நொய்யல் ஆற்றுப் பாட்டு மட்டும் தனிப்பாட்டு. அதை நானும் பாடினேன், மிஸ்பாவும் பாடினாள். கேசட்டிலோ ஒருவருக்குத்தான் இடம்.

முதல் நாள் மைக்கை மாட்டிவிட்டு அண்ணன் அம்மாவிடம் சொன்னார், "இது சாதாரண மைக்கு இல்லீங்கம்மா. ஊசி உழுந்தாலும் புடிச்சுப்போடும்."

"ஊசி எதுக்குடா புடிக்கோணும்? புள்ள பாடறத அது புடிச்சாப் போதாதா?" என்றார் அம்மா.

நான் பாடினேன். போட்டுக் கேட்டோம். என் குரல் இருந்தது. அதற்குப் பின்னால் எங்கள் விசைத்தறிகள் இருந்தன. அதற்கும் பின்னால் அடுத்த வீதித் தறிகள் இருந்தன. நொய்யல் கரைபுரண்டு வருகிற அடியில் பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் அக்கா பால்காரரிடம், "ஏனுங்க, பாலுக்குத் தண்ணி ஊத்தறீங்களா, இல்ல தண்ணிக்குப் பால் ஊத்தறீங்களா?" என்று கேட்டது அத்தனை தெளிவாகப் பதிந்திருந்தது.

(இங்கே சிரிப்பார்கள். சிரித்து முடியும்வரை நிற்க வேண்டும். அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூடாது.)

சிரியுங்கள், தாய்மார்களே. நாங்களும் அன்று சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கில்தான் குறை என்று சொல்லி, அதைவிட உயர்ந்த மைக் வாங்கி வந்தார். உயர்ந்த மைக் என்ன செய்தது? உயர்ந்த வேலையைச் செய்தது. மூன்றாவது வீதித் தறியையும் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாதே, அன்றைக்குப் பதியலாமே என்று முன்வரிசைப் பெரியவர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான் ஐயா. தீபாவளி ஆர்டர் வந்ததிலிருந்து எங்கள் வீதியில் ஞாயிறும் இல்லை, இரவும் இல்லை. தறி ஓடினால்தான் எங்கள் வீட்டில் சோறு வேகும். தறியைப் பழிக்க எனக்கு வாய் வராது.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. ஊரே ஒரே நொடியில் ஊமையானது. தறி வீதியில் வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த அமைதி தெரியும். காதுக்குள் யாரோ தண்ணீர் ஊற்றியது போல் இருக்கும். காக்கை கத்துவது கேட்கும். தூரத்தில் திருப்பூர் பஸ் திரும்புவது கேட்கும். அண்ணன் துள்ளி எழுந்தார். "இப்பப் பாடு அம்மணி, இதுதான் நேரம்." நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்ணை மூடி ஒரு அடி முழுதும் பாடி முடித்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால், அண்ணன் இயந்திரத்தின் பொத்தானில் விரலை வைத்தபடியே நின்றார். பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. தறியை நிறுத்திய கரண்ட், பெட்டியை மட்டும் விட்டு வைக்குமா?

அதைவிடப் பெரிய உண்மை ஒன்றும் அந்த அமைதியில்தான் வெளியே வந்தது. கதவோரம் நின்ற மிஸ்பா என்னைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னாள்.

"ஏம்புள்ள, தறி நின்னதும் உன்ற தாளமும் நின்னுபோச்சு, கவனிச்சியா?"

"நான் நல்லாத்தானே பாடுனேன்?"

"ஓடுனே. பஸ்ஸ உட்டவளாட்ட ஓடுனே. எப்பவும் தறிதான் பாடுது, நீ அது கைய புடிச்சுட்டுக் கூடப் போறே."

எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் அடுத்த முறை கரண்ட் போனபோது, யாருக்கும் கேட்காமல் குளியலறையில் நின்று பாடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே பாடியவள் நான். அது எனக்குத் தாளம் போட்டது. என் சுருதி இறங்கினால் அது மறைத்தது. எனக்குத் தெரியாமலே நான் அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தேன்.

தறி மறைத்ததை இப்போது எதிரொலிப் பெட்டி மறைக்கிறது. என் பாட்டை அண்ணன் எப்படி முடித்தார் தெரியுமா? எதிரொலியை நிறைய ஊற்றினார். சுருதி இறங்கிய இடமெல்லாம் மூழ்கிப்போனது. பின்னால் ஓடிய தறியைக் கேட்டு, "தாளமாட்டவே இருக்குது, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். கேட்டவர்கள் எல்லாரும், ஆகா, கேசட்டுப் பாட்டு மாதிரியே இருக்கிறது என்றார்கள். பாட்டு மாதிரியே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

இனி மிஸ்பாவைச் சொல்கிறேன். அவள் அத்தா பீர் முகம்மது துபாயில் வேலை பார்க்கிறார். அங்கிருந்து அவர் பேசிப் பதிந்த கேசட் வரும். இங்கிருந்து அவள் அம்மா சாஜிதா பேகம் பேசிப் பதிந்த கேசட் போகும். அதற்காக அவர்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய டேப்ரிக்கார்டர். கைப்பிடி உடைந்து கயிறு கட்டியிருக்கும். ஆனால் பேட்டரியில் ஓடும். தறி நிற்கும் நேரத்தில் ஓடும்.

அதில் குரலைக் கூட்ட ஒரு திருகு கிடையாது, குறைக்க ஒரு திருகு கிடையாது. திருகு இல்லாதவள் என்ன செய்வாள்? தானே திருகானாள். பாட்டு உச்சிக்குப் போகும்போது பின்னால் நகர்ந்து சுவரோரம் போய்விடுவாள். தாழ இறங்கும்போது முன்னால் வந்து பெட்டியின் காதில் சொல்வது போல் பாடுவாள். தொடையில் தாளம் தட்டினால் அதுவும் பதியும் என்று கால் கட்டைவிரலை மட்டும் அசைப்பாள். பதிந்ததைத் திரும்பக் கேட்பாள், முகத்தைச் சுளிப்பாள், அழிப்பாள், அடுத்த கரண்ட் கட்டுக்குக் காத்திருப்பாள். நாங்கள் மைக்கை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவள் தன்னை மாற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கேசட்டை அவள் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். முதலில் அவள் அம்மா குரல் வரும். "ஏனுங்க, நல்லா இருக்கீங்களா. இங்க மழ இல்லீங்க. கெணத்துல தண்ணி கீழ போயிருச்சு. புள்ள பள்ளிக்கூடத்துப் பாட்டுப் பாடறாளாம், கேளுங்க." கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு நொய்யல் வரும்.

அது எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குத் தமிழ் போதவில்லை. மழை இல்லை என்று அந்த அம்மா சொன்ன அதே கேசட்டில் ஆறு வந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும். எங்கள் அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டார். அண்ணன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினார், திரும்பவும் மாட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இந்த டப்பாவுல பதிஞ்சத நான் சேத்துனா, இத்தன சாமான் எதுக்குடான்னு ஊரு கேக்கும்."

"கேக்கட்டுமேங்ணா," என்றாள் மிஸ்பா.

"இரைச்சல் இருக்குது. மெஷின்ல மறுபடி பாடிக் குடு."

"தறிய நிறுத்திப்போடுங்க, பாடறேன்."

அண்ணன் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மிஸ்பா டேப்ரிக்கார்டரையும் கேசட்டையும் அங்கேயே வைத்துவிட்டு, "இன்னொருக்கா கேட்டுப் பாருங்ணா, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்று அண்ணன் தேர்ந்து முடித்த நாடாவில் இருப்பது என் பாட்டு. விழா முடிந்ததும் அந்த நாடா பிரதி எடுக்கக் கோவைக்குப் பஸ் ஏறுகிறது. ஏறிவிட்டால் ஏறியதுதான். ஊர் முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் எதிரொலி பாடும். ஆறு மட்டும் துபாய்க்குப் போய்விடும்.

பெரியோர்களே, நான் இயந்திரத்துக்கு எதிரி அல்ல. அண்ணனின் மைக் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இருந்ததை இருந்தபடி சொன்னது. அதைக் கேட்டு நான் திருந்தியிருந்தால் அது கொடை. அதை மூட இன்னொரு பெட்டி தேடினோம், அதனால் அது வெறும் சாமானாகப் போனது. நல்ல பெட்டியும் வேண்டும். ஆனால் பெட்டிக்கு முன்னால் நிற்பவள் முதலில் வேண்டும். அவள் மூச்சு வேண்டும், முயற்சி வேண்டும், பிழையைத் தானே பிடித்துத் தானே அழிக்கும் பிடிவாதம் வேண்டும். இதை எந்தக் கடையில் விற்கிறார்கள்? எந்தப் பம்பாயிலிருந்து இறக்குமதி செய்வீர்கள்?

தலைவர் அவர்களே, எனக்குப் பரிசு வேண்டாம். ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நாடா பஸ் ஏறுமுன் இந்த மேடையிலேயே இரண்டு பாட்டையும் போடுங்கள். எது எந்தப் பெட்டியில் பதிந்தது என்று சொல்லாதீர்கள். தாய்மார்கள் கண்ணை மூடிக் கேட்கட்டும். எந்தப் பாட்டில் ஆறு வருகிறதோ அந்தப் பாட்டைக் கேசட்டில் வையுங்கள். என் பாட்டு வெளியே போனால் முதல் கைதட்டு என்னுடையதாக இருக்கும்.

அண்ணா, இந்த இடத்தில் நீங்கள் மைக்கை நிறுத்திவிடலாம். அது உங்கள் மைக், உங்கள் கையில்தான் பொத்தான் இருக்கிறது. நிறுத்தினாலும் நான் பேசுவேன். தறி ஓடும் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்கக்கூட அடிவயிற்றிலிருந்து கத்திப் பழகிய குரல் இது. கடைசி வரிசைக்குக் கேட்கும். கேட்கிறதா, கடைசி வரிசைத் தோழியரே? கேட்கிறது என்று கையைத் தூக்குங்கள். இந்தத் தொண்டையை எனக்குக் கொடுத்தது எந்தப் பெட்டி?

கோபப்படாதீர்கள் அண்ணா. உங்கள் காது நல்ல காது. மிஸ்பா பாடியபோது நீங்கள் கழற்றித் திரும்ப மாட்டியதை நான் பார்த்தேன். அந்தக் காதை நம்பித்தான் இத்தனை பேர் முன்னால் பேசுகிறேன்.

இவ்வளவு நேரம் இந்தச் சின்னப் பெண்ணின் பேச்சுக்குக் காது கொடுத்த அவையோர்க்கும், பாட்டை எழுதிய எங்கள் ஆசிரியைக்கும், அதைப் பாடிய என் தோழிக்கும் என் நெஞ்சார்ந்த

தறி நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது. வீதி முழுக்கச் சத்தமே இல்லை. யாரோ நடந்து வருகிறார்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். அண்ணன்.

"அம்மணி, முழிச்சிருந்தா எந்திரி. கரண்டு போயிருச்சு. அந்தப் புள்ள பாட்ட இன்னொருக்கா கேக்கோணும். டேப்புல பேட்டரியக் காணம். நீ எடுத்தியா?"

டார்ச்சிலிருந்து கழற்றிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வெளிச்சம்