தளர்ந்த முகமூடி

இரவு பதினொன்றரை மணி. ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சாலையில் ஈ காக்கை இல்லை. ஒரே ஒரு கார் வந்து நின்றது... இறங்கியவர் என் சிநேகிதனுடைய அத்தான். சிரிக்காதே, நீதான் முதலில் போர்வைக்குள் போகப்போகிறவன்.

புற்றுநோய்க்குக் ‘கரண்ட் வைக்கிறது’ என்கிறோமே, அந்தக் கதிர் எங்கே, எவ்வளவு விழ வேண்டும் என்று கணக்குப் போடுவது அத்தானின் வேலை. பகல் முழுக்க நோயாளிகள். மெஷினைச் சோதிக்க ராத்திரிதான் கிடைக்கும்.

ஓர் ஆராய்ச்சியும் நடத்திக்கொண்டிருந்தார். கதிரை இன்னும் குறுக்கி, கட்டியை மட்டும் சுட்டு, பக்கத்திலிருக்கும் நல்ல சதையைக் காப்பாற்றுவது. நல்ல காரியம்தான். அதற்கு இருபது நோயாளிகள் வேண்டும். இருபதாவது ஆள் ஒரு டீச்சர். தொண்டையில் கட்டி.

தொண்டைக்குக் கதிர் வைக்கும்போது தலை அசையக்கூடாது. முகத்தோடு ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் வலையில் முகமூடி செய்து, அதை மேசையோடு பூட்டிவிடுவார்கள். டீச்சரால் சாப்பிட முடியவில்லை. இளைத்தார். முகமூடி தளர்ந்தது... உள்ளே தலை அசைந்தது. புது முகமூடி செய்து, கணக்கையும் புதிதாகப் போட்டிருக்க வேண்டும். போட்டால் டீச்சரை ஆராய்ச்சியிலிருந்து விலக்க வேண்டும். இருபது பத்தொன்பதாகிவிடும்.

அத்தான் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

டீச்சருக்குக் குரல் போயிருந்தது. சிவப்பு மையில் சீட்டு எழுதி நீட்டினார். “முகமூடி லூசா இருக்கு சார். வேற இடத்துல எரியுது. கொஞ்சம் பாருங்க.” பரீட்சைத் தாள் திருத்தின பழக்கம், ஒவ்வொரு வரிக்கும் அடியில் கோடு.

“எல்லாருக்கும் எரியத்தான் செய்யும்மா,” என்று அத்தான் சீட்டைக் கசக்கிப் போட்டார்.

முப்பது தடவை வைக்க வேண்டியது. இருபத்தாறு முடிந்தது. மறுநாள் விடியற்காலையில் டீச்சரின் கழுத்தில் ரத்தக்குழாய் வெடித்தது... அவ்வளவுதான். கணவர் வந்து கேட்டபோது, “நோய் முத்திடுச்சு” என்று அத்தான் முடித்துக்கொண்டார். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் அந்தக் கார் வந்து நின்றது.

சோதனைக்காக மேசையில் பிளாஸ்டிக் தலையை வைத்தார். கனத்த கதவை மூடிவிட்டு வெளியே வந்து திரையைப் பார்த்தார். பிளாஸ்டிக் தலையில் ஒரு முகமூடி மாட்டியிருந்தது. உள்ளே போய்க் கழற்றினார். ஓரத்தில் டீச்சரின் நம்பர். உட்பக்கம் ஈரம்... சூடு. முடி பொசுங்கிய நாற்றம்.

குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு வெளியே வந்தார். மெஷினின் சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனாலும் டிக்... டிக்... டிக்... மெஷின் தானாக ஓடியது. திரையில் டீச்சரின் நம்பர். அதன் பக்கத்தில், இருபத்தேழு.

வீட்டுக்குப் போனதும் சிநேகிதனின் அக்கா பதறினாள். “என்னங்க இது, கழுத்து இப்படிச் செவந்திருக்கு?”

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தார். பதினொன்றரைக்கு, படுக்கையறையிலேயே டிக்... டிக்... காலையில் கன்னமெல்லாம் வலை பதிந்த தழும்பு. ராத்திரி ஆளில்லாமல் மெஷின் ஓடியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். இருபத்தெட்டு.

இருபத்தொன்பதில் குரல் கம்மியது. கம்மிய குரலிலேயே அக்காவிடம் நடந்ததைச் சொன்னார். அக்கா காலைப் பிடித்து அழுதாள். “அவங்க வீட்டுக்காரர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடுங்க. பேச்சு இருக்கும்போதே சொல்லிடுங்க.”

“ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாகட்டும்... அடுத்த வாரம்,” என்றார்.

அடுத்த ராத்திரியோடு முப்பது. அப்புறம் காற்றுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

அப்போதுதான் பயந்து பேனாவை எடுத்தார். நீலப் பேனா, அக்காவே கொண்டுவந்து கொடுத்தது. கதவைச் சாத்திக்கொண்டு, செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் நாலு பக்கம் எழுதினார். உறையில் போட்டு ஒட்டினார். என் சிநேகிதன்தான் கொண்டுபோய் டீச்சரின் கணவரிடம் கொடுத்தான்.

அவர் பிரித்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே நிமிர்ந்தார்.

“இதை அவ எப்ப எழுதினா?”

“இல்ல சார், எங்க அத்தான் எழுதினது...”

“என் பொண்டாட்டி எழுத்து எனக்குத் தெரியாதா தம்பி?”

சிநேகிதன் எட்டிப் பார்த்தான். நாலு பக்கமும் சிவப்பு மை. வரிக்கு வரி கோடு. உண்மை முழுக்க அதில் இருந்தது. கடைசியில் மட்டும், அத்தானுக்கென்று ஒரு வரி.

“எரியுதா சார்? எல்லாருக்கும் எரியத்தான் செய்யும்.”