நுரை வராத தண்ணீர்

எங்கள் தெருவில் சோப்பு நுரைக்காது. பூமிக்கடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பதால் கிணற்று நீரெல்லாம் கடின நீர். குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டும். உலர்த்திய துணி பலகைபோல் விறைக்கும். அந்த நீரைப் பற்றிக் குறை சொல்லாத உயிர்கள் என் தங்கை வளர்த்த தங்கமீன்கள் மட்டுமே. அவற்றுக்குச் சற்றே கடினமான நீர்தான் உகந்தது. மீனின் கழிவால் பெருகும் அமிலத்தை, நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு தாங்கிக்கொள்ளும். மென்னீரில் அந்தத் தாங்கல் இல்லை. நீர் சட்டென்று அமிலமாக மாறும், மீன் பக்கவாட்டில் சாயும். நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன்; இதை அறியாமல் எதையும் செய்துவிடவில்லை.

பெற்றோர் மறைந்த பிறகு தங்கையை வளர்த்தவனும், செவிலியர் படிப்பில் சேர்த்தவனும் நான். பெண்ணைப் படிக்க வையுங்கள், அவள் வாழ்வை அவளே முடிவு செய்யட்டும் என்று மேடைதோறும் முழங்கியிருக்கிறேன். கைதட்டல்களுக்காக அல்ல, உண்மையாகவே அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

வாரந்தோறும் அவள் தொட்டி நீரில் பாதியை இறைத்துவிட்டு, கொல்லையில் இருக்கும் பீப்பாயில் தேக்கிவைத்த கிணற்று நீரை ஊற்றுவாள். அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பீப்பாய் நீரைப் புட்டியில் பிடித்து, சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கினால் நுரை வரக் கூடாது. ஆனால் சோப்பு பட்ட கை அன்று தொட்டியைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆகவே தொட்டிக் கை அவளுடையது, சோப்புக் கை என்னுடையது. கொல்லையில் நின்று குலுக்கிப் பார்த்து, நான் குரல் கொடுப்பேன். அவள் ஊற்றுவாள். நுரையை அவள் ஒருநாளும் தன் கண்ணால் பார்த்ததில்லை.

மீன்களில் கொழுத்து அசைந்து வருவதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தாள்.

"இந்த வீட்டு வாசப்படி மிதிச்ச ஒரே மாப்பிள்ளை இவன்தான். நீ இவனையும் விரட்டிடாதே அண்ணா" என்பாள்.

நான் சிரிப்பேன். பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது உண்மைதான். அவர்களில் ஒருவருக்கும் அவளுடைய அருமை தெரிந்திருக்காது.

பிறகு வேலை வந்தது. வேறொரு நகரத்து மருத்துவமனையில், பிறந்த குழந்தைகளுக்கான பிரிவு. அங்கிருந்த தலைமைச் செவிலியரே அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார். மீன்களை எடுத்துச் செல்ல மூடி வைத்த வாளி ஒன்றை வாங்கி வந்தாள்.

"அடுப்பு பத்த வைக்கவாவது கத்துக்கோண்ணா. நான் போனப்புறம் பட்டினி கிடந்துட்டு என்மேல பழி போடாதே."

அது மழைக்காலம். கூரையிலிருந்து வழிந்த நீரைப் பிடித்துப் பீப்பாயை நிரப்பினேன். நஞ்சு எதையும் நான் கலக்கவில்லை. மழைநீர் தூய்மையானது; அதில் சுண்ணாம்பு இல்லை, அவ்வளவுதான். புட்டியைக் குலுக்கியபோது நுரை கழுத்துவரை பொங்கியது.

"நுரை வரலைம்மா. ஊத்து" என்றேன்.

இரண்டு வாரம் அப்படி ஊற்றியதும் மீன்கள் துடுப்பைச் சுருட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கின.

"அண்ணா, தண்ணி லேசாயிருச்சோன்னு தோணுது. கொஞ்சம் சிப்பித் தூள் போட்டுப் பார்க்கட்டா?"

சிப்பியும் சுண்ணாம்புதான்; அதுதான் சரியான மருந்து. அவள் கெட்டிக்காரி.

"நுரையே வரலையேம்மா. இதுக்கு மேல போட்டா தாங்காது" என்றேன். அவள் சிப்பித் தூளை எடுத்த இடத்திலேயே வைத்தாள். மறுநாள் மாப்பிள்ளை மிதந்தான்.

அவள் மனம் விடவில்லை. புதிய மீன்கள் வாங்கினாள். அவையும் மிதந்தன. அவளை நான் திட்டவில்லை. தலையைத் தடவி, "உன் தப்பில்லைம்மா. சில பேர் கை அப்படி" என்றேன்.

மாடி வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையை நீட்டி, "கொஞ்சம் பிடி, துணி எடுத்துட்டு வந்துடறேன்" என்று கேட்ட அன்று, தங்கை இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அன்றே வேலைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பினாள்.

தலைமைச் செவிலியர் நேரில் வந்தார். குறைப்பிரசவக் குழந்தைகளை இவள் ஏந்தும் அழகை அவர் பயிற்சியின்போதே பார்த்தவராம். கெஞ்சினார், அதட்டினார். "என் கைல எதுவும் பிழைக்காதுங்க மேடம்" என்றாள் அவள். நான் நுரை பார்த்துச் சொன்ன தண்ணீரிலேயே மீன்கள் செத்ததைச் சொல்லி, அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். முகம் கழுவக் கொல்லைக்குப் போனவர் ஈரக் கையோடு திரும்பினார்.

"தெருமுனைக் கடையில கை கழுவுனேன், சோப்பு வழுக்கக்கூட இல்லை. உங்க பீப்பாய்த் தண்ணியில மட்டும் எப்படி சார் இவ்வளவு நுரை? நீங்கதான் சோதிச்சுப் பார்ப்பீங்கன்னு இவ சொன்னாளே?"

நான் மறைக்கவில்லை. தங்கையின் முன்னாலேயே சொன்னேன்: "மழைத் தண்ணியை ரொப்பினது நான்தான். நுரை வந்தது. வரலைன்னு பொய் சொன்னேன். மீனுங்களைக் கொன்னது நான்."

தலைமைச் செவிலியர் அவள் தோளைப் பற்றி உலுக்கினார். "கேட்டியா? உன் கையில ஒரு குறையும் இல்லைடி. கிளம்பு."

தங்கை என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"பார்த்தீங்களா மேடம், என் அண்ணனை? நான் மனசொடிஞ்சிடக் கூடாதுன்னு அந்தப் பழியைத் தன் தலையில போட்டுக்குது. இத்தனை நாளும் இப்படித்தான், உன் தப்பில்லை, உன் தப்பில்லைன்னு. இப்ப பெய்யுற மழையில பீப்பாய் தானா நிரம்பியிருக்கும். மீனுங்க செத்தப்ப நுரையே வரலையே. வேணாம்ணா. எனக்காகப் பொய் சொல்லாதே."

"பொய்யில்லைம்மா" என்று ஒருமுறை சொன்னேன். அவள் தலையசைத்து மறுத்தாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. தலைமைச் செவிலியர் வாசல்வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் கெஞ்சிவிட்டு, கடைசியில் பேருந்துக்கு நேரமாகிப் போனார்.

இப்போது உங்களிடம் சொல்வதிலும் ஒளிவு மறைவு இல்லை. செய்தேன், செய்ததை அவளிடமே ஒப்புக்கொண்டேன். எல்லாவற்றையும் கேட்ட பிறகும் இந்த வீட்டில் இருப்பதென்று அவளாகத்தான் முடிவு செய்தாள். தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் ஒரு பெண்ணைத் தடுக்க நான் யார்?